விண்சிறகுகள் – 11: இந்துமாக் கடலில் மிதந்த வடிவம்

1983 மார்ச் மாதத்தின் நடுப்பகுதி. கொக்கோஸ் தீவுகளிலிருந்து தெற்கே 550 கிலோமீட்டர் தள்ளி, கரை என்று சொல்ல எதுவுமே இல்லாத இந்துமாக் கடற்பரப்பில் சோவியத் கப்பல்கள் காத்துக் கிடந்தன. அவற்றை மோப்பம் பிடித்து வந்திருந்த ஆஸ்திரேலிய விமானப்படையின் பி-3 ஓரியன் ரோந்து விமானம் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. மார்ச் 15 அன்று பாராசூட்டில் தொங்கியபடி ஒரு பொருள் கடலில் வந்து விழுந்தது. ஓரியனில் இருந்தவர்கள் படம் எடுக்கத் தொடங்கினார்கள். கப்பல் அதை நெருங்குவது, மாலுமிகள் கயிறு மாட்டப் போராடுவது, கிரேன் அதைத் தண்ணீரிலிருந்து தூக்குவது என எல்லாமே படச்சுருளில் பதிந்தன.

அந்தப் படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. 4 மீட்டர்கூட நீளமில்லாத ஒரு கலம். அடிப்பக்கம் அகன்று தட்டையாக இருக்கிறது. மூக்கு மழுங்கி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டை இறக்கைகள் அண்ணாந்து நிற்கின்றன. மிதக்கும்போது தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக, காற்றடைத்த கூம்பு ஒன்று முதுகில் எழும்பி நிற்கிறது. ராக்கெட்டின் உடைந்த பாகம் என்றோ வழக்கமான விண்கலக் கூண்டு என்றோ சொல்லிவிட முடியாது. பார்த்த மாத்திரத்தில் விமானம் என்றுதான் தோன்றும்.

சோவியத் அரசு இதற்கு வைத்த பெயர் காஸ்மாஸ்-1445. உளவுக் கலங்கள் முதல் ஆராய்ச்சிக் கலங்கள் வரை எல்லாவற்றையும் மாஸ்கோ இதே 'காஸ்மாஸ்' பட்டியலில்தான் சேர்த்து வந்தது. அதனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. கலத்தைக் கட்டியவர்கள் தங்களுக்குள் அதை போர்-4 என்று அழைத்தார்கள். ரஷ்ய மொழியில் 'ஆளில்லாச் சுற்றுப்பாதை ராக்கெட் விமானம்' என்பதன் முதலெழுத்துகள் அவை.

சென்ற இதழில் அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டிலைப் பார்த்தோம். 18 மீட்டர் நீளச் சரக்கு அறையோடு, விண்வெளிக்குப் போய்வரும் லாரியாக அது உருவானது. 1981 ஏப்ரலில் கொலம்பியா பறந்தபோது இருந்த கனவுகள் பிறகு என்னவாயின என்பதையும் பேசினோம். இந்த இதழின் நாயகன் அளவில் அதற்கு நேர் எதிர். ஆனால் விண்விமானம் எதற்காகத் தேவை என்ற கேள்விக்குத் தெளிவான பதில் ஷட்டிலை விட இந்தச் சின்னக் கலத்தின் வழிவந்தவர்களிடமே கிடைத்தது என்பது என் எண்ணம். சரக்கை மேலே ஏற்றுவதற்கு இறக்கை தேவையில்லை, ராக்கெட் போதும். சொல்லப்போனால் ஏறும்போது இறக்கை வெறும் பாரம்தான். மேலே போனதை நோகாமல் கீழே கொண்டுவந்து, ஓடுபாதையில் இறக்கி, கதவைத் திறந்து கையில் கொடுப்பதற்குத்தான் இறக்கை வேண்டும். விண்வெளி வரலாறு ஏற்றத்தைப் பற்றியே பேசிப் பழகிவிட்டது. இந்தக் கதையை இறக்கத்தின் கதையாகப் படிக்க வேண்டும்.

இறக்கத்தில் முதல் எதிரி வெப்பம். சுற்றுப்பாதையில் இருக்கும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தை முழுவதும் காற்றோடு மோதித்தான் இழந்தாக வேண்டும். கூர்மையான மூக்கு காற்றைக் கிழித்துப் போகும், ஆகவே சூடு குறையும் என்றுதான் 1950களின் தொடக்கம் வரை நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜூலியன் ஆலன் அதைத் தலைகீழாக்கினார். மூக்கு மழுங்கலாக இருந்தால் அதிர்வலை கலத்தை விட்டுச் சற்று முன்னே தள்ளி நிற்கும். வெப்பத்தின் பெரும்பகுதி கலத்துக்குள் இறங்காமல் சுற்றியுள்ள காற்றோடு போய்விடும். பிறகு வந்த விண்கூண்டுகளெல்லாம் மழுங்கலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மழுங்கல் கலத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது கல்லாகத்தான் விழும், திசை திருப்ப முடியாது. 1957 வாக்கில் அதே ஏம்ஸின் ஆல்ஃபிரட் எக்கர்ஸ் ஒரு யோசனையை முன்வைத்தார். மழுங்கல் மூக்குள்ள கூம்பை நீளவாக்கில் பாதியாக அறுத்து, தட்டையான பக்கம் மேலே வரும்படி பறக்கவிட்டால் உடலே கொஞ்சம் தூக்குவிசை தரும். சன்னமான இறக்கை இருந்தால்தானே அது உருகும்? உடலையே இறக்கையாக்கிவிட்டால் அந்தக் கவலை பெருமளவு தீரும்.

இதைக் காகிதத்திலிருந்து காற்றுக்குக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் பொறியாளராக இருந்த டேல் ரீட். ரேடியோவில் இயங்கும் பெரிய பொம்மை விமானம் ஒன்றின் பின்னால் தன் குட்டி மாதிரியைக் கட்டி இழுத்துப் பறக்கவிட்டார். அவருடைய மனைவி அதை 8 மில்லிமீட்டர் கேமராவில் படம் பிடித்தார். அந்தப் படச்சுருளைக் காட்டித்தான் ரீட் மேலதிகாரிகளைச் சம்மதிக்க வைத்தார். ஒட்டுப்பலகையில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கலம் தயாரானது. எம்2-எஃப்1 என்று பெயர். 1963 வசந்தத்தில் வறண்ட ஏரிப்படுகையில் அதை ஒரு பான்டியாக் கார் இழுத்துக்கொண்டு ஓடியது. விமானி மில்ட் தாம்ப்சன் மூக்கைத் தூக்க, இறக்கையே இல்லாத அந்தப் பலகைத் தொட்டி தரையை விட்டு எழும்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு சி-47 விமானம் அதை உயரத்துக்கு இழுத்துச் சென்று விட, தாம்ப்சன் சறுக்கிக்கொண்டே பத்திரமாக இறங்கினார்.

அதன் பிறகு உலோகத்தில் செய்த எம்2-எஃப்2, எச்எல்-10, எக்ஸ்-24 வரிசைக் கலங்கள் வந்தன. விபத்தும் நேர்ந்தது. 1967 மே மாதம் எம்2-எஃப்2 தரையில் மோதி உருண்டதில் விமானி புரூஸ் பீட்டர்சன் படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். இந்த வரிசையின் பெரிய சாதனை 1975 ஆகஸ்டில் வந்தது. எக்ஸ்-24பி கலத்தை அதன் விமானிகள் அகன்ற ஏரிப்படுகையில் இறக்காமல் கான்கிரீட் ஓடுபாதையில், குறித்த இடத்தில், எஞ்சின் உதவியில்லாமல் இறக்கிக் காட்டினார்கள். ஷட்டிலில் இறங்குவதற்கென்று தனி எஞ்சின் வேண்டாம் என்ற துணிவுக்கு இந்தப் பறப்புகள் வலுச் சேர்த்தன. துணிவு கிடைத்ததோடு சரி, வடிவத்தை நாசா பரணில் ஏற்றிவிட்டது. ஷட்டிலுக்குப் பெரிய முக்கோண இறக்கையே தேர்வானது.

ரஷ்யப் பக்கம் போவோம். மிக் போர்விமானங்களைத் தந்த மிகோயன் வடிவமைப்பு நிலையத்தில் 1960களின் நடுவில் 'ஸ்பிரால்' என்ற திட்டம் தொடங்கியது. அதன் தலைவர் க்லெப் லோசினோ-லோசின்ஸ்கி. ஒலியைப் போல ஆறு மடங்கு வேகத்தில் பறக்கும் தாய்விமானம், அதன் முதுகில் ஒரு ராக்கெட், அதன் முனையில் ஒற்றை ஆள் உட்காரும் சுற்றுப்பாதை விமானம் என்று மூன்றடுக்குத் திட்டம். அந்தக் காலத்துக்கு அது பேராசை. தாய்விமானம் கடைசி வரை பிறக்கவே இல்லை. சுற்றுப்பாதை விமானத்துக்கு மட்டும் உருவம் கிடைத்தது. மேலே வளைந்த அதன் மூக்கைப் பார்த்து, ரஷ்யக் கிராமங்களில் மரப்பட்டையில் பின்னி அணியும் செருப்பின் பெயரால் அதை 'லாப்பத்' என்று அழைத்தார்கள்.

விண்வெளியில் ஒரு நாள் முழுவதும் இருந்த முதல் மனிதரான கெர்மன் தித்தோவ் இந்தத் திட்டத்துக்கென அமைந்த விண்வெளி வீரர் குழுவில் சேர்ந்து பயிற்சி எடுத்தார். யூரி ககாரின் தம் கடைசி நாட்களில், 1968 பிப்ரவரியில், ஷுக்கோவ்ஸ்கி கழகத்தில் பட்டம் பெறச் செய்த ஆய்வும் இறக்கையுள்ள விண்கலம் பற்றியதுதான். கூண்டில் அமர்ந்து விண்வெளிக்குப் போய், கடைசியில் கூண்டை விட்டு வெளியே குதித்துப் பாராசூட்டில் தரையைத் தொட்டவர் அவர். அடுத்து என்ன என்று யோசித்தபோது ஓட்டி வந்து இறக்கும் கலத்தை நோக்கியே அவர் மனம் போனது. ஒரு விமானிக்கு வேறு எப்படித் தோன்றும்?

லாப்பத்தின் பறக்கும் பதிப்பாக, மிக்-105 என்று அறியப்படும் கலம் 1976 அக்டோபரில் அவியார்ட் ஃபஸ்தோவெத்ஸின் கையில் முதல்முறை சிறு தாவலாகப் பறந்தது. 1977 நவம்பரில் தூ-95 விமானத்தின் வயிற்றிலிருந்து கழன்று விழுந்து சறுக்கி இறங்கியது. அதற்குச் சக்கரங்கள் கிடையாது. உலோகச் சறுக்குப் பட்டைகள்தான். வெயிலில் காய்ந்த மண்ணில் பட்டைகள் நகர மறுத்தபோது, வண்டி நிறையத் தர்பூசணி கொண்டுவந்து உடைத்துப் பரப்பி வழுக்கலாக்கினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லிவைத்த கதை ஒன்று உண்டு. 1978-இல் தரையிறங்கும்போது கலம் சேதமடைந்தது, பறப்புகள் அத்தோடு நின்றன. அந்தக் கலம் இப்போது மாஸ்கோவுக்கு வெளியே மோனினோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பறப்புகள் நிற்பதற்கு முன்பே திட்டத்தின் தலையெழுத்து முடிவாகிவிட்டது. 1976 பிப்ரவரியில் சோவியத் தலைமை, அமெரிக்க ஷட்டிலுக்கு ஈடான பெரிய கலம் ஒன்று வேண்டும் என்று ஆணையிட்டது. அதுதான் பின்னாளில் புரான் ஆனது. அதைக் கட்ட உருவான மோல்னியா நிறுவனத்துக்கு லோசினோ-லோசின்ஸ்கியே தலைவர். தம் லாப்பத் வடிவத்தையே வளர்த்தெடுக்கலாம் என்று அவர் வாதாடினார், எடுபடவில்லை. எதிரியிடம் இருப்பது நம்மிடமும் இருக்க வேண்டும் என்பதே கட்டளை. திறமையான ஒரு பொறியாளர், தாம் நம்பிய வடிவத்தைக் கைவிட்டு மற்றவரின் வடிவத்தை முழு நேர்மையோடு கட்டிக்கொடுத்தார். 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் ஏறி, பூமியை இரண்டு முறை சுற்றி, பலத்த பக்கக்காற்றிலும் தானாகவே ஓடுபாதையில் வந்து இறங்கிய புரானை நினைக்கும்போதெல்லாம் அவர் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

புரானின் உடம்பில் சுமார் 38,000 வெப்பக்காப்பு ஓடுகள் ஒட்ட வேண்டியிருந்தது. அவை உண்மையில் தாங்குமா? சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலம் சந்திக்கும் வேகம், வெப்பம், நேரம் மூன்றையும் ஒருசேரத் தரும் சோதனைக்கூடம் தரையில் கிடையாது. அசல் வேகத்தில் எதையாவது அனுப்பித்தான் பார்க்க வேண்டும். அப்போது கைவசம் இருந்தது ஸ்பிராலின் மிச்சம். ஸ்பிராலுக்காக 1969 முதலே போர் என்ற பெயரில் சிறு மாதிரிகளை ராக்கெட்டில் ஏற்றிச் சோதித்து வந்தார்கள். சாம்பலான முதல் மாதிரியிலிருந்து படிப்படியாகத் தேறி வந்திருந்தார்கள். லாப்பத்தின் பாதி அளவில் கட்டிய போர்-4 கலத்தில் புரானின் ஓடுகளை ஒட்டி அனுப்பலாம் என்று முடிவானது. கலம் ஒரு திட்டத்தின் பிள்ளை, அது போர்த்தியிருந்த தோல் இன்னொரு திட்டத்துடையது.

1982 ஜூன் தொடக்கத்தில் முதல் சுற்றுப்பாதைப் பயணம். பெயர் காஸ்மாஸ்-1374. வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள கபூஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து ராக்கெட் கிளம்பியது. பூமியை ஒன்றே கால் சுற்றுச் சுற்றிய கலம், வேகத்தைக் குறைத்து இறங்கத் தொடங்கி, இந்துமாக் கடலில் வந்து விழுந்தது. மறு ஆண்டு மார்ச்சில் நடந்தது இரண்டாவது பயணம்.

அண்ணாந்து நிற்பதாகச் சொன்னேனே, அந்த இறக்கைகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவை கீல் வைத்தவை. வெப்பம் உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் அவை மேல்நோக்கி மடிந்திருக்கும். அகன்ற அடிவயிறு சூட்டை வாங்கிக்கொள்ள, இறக்கைகள் அதன் மறைவில் ஒதுங்கியிருக்கும். வேகம் தணிந்த பிறகு விரிந்து, சறுக்குவதற்கு உதவும். எக்கர்ஸும் ரீடும் இறக்கையைத் துறந்து தீர்த்த சிக்கலை லோசினோ-லோசின்ஸ்கியின் ஆட்கள் இறக்கையை மடக்கித் தீர்த்தார்கள். ஒரு டன் எடை மட்டுமே உள்ள ஆளில்லாக் கலம் இதையெல்லாம் தானே கணித்து, தானே செய்து, குறித்த கடற்பரப்புக்கு வந்து சேர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கணினிகள் எந்த நிலையில் இருந்த காலம் அது!

படங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போயின. சோவியத் ராணுவம் ஒரு போர் விண்விமானம் தயாரிக்கிறது, இது அதன் சிறுபதிப்பு என்று வாஷிங்டனில் கணித்தார்கள். ஓடுகளைச் சோதிக்கும் வண்டி என்ற எளிய உண்மை அப்போது அவர்களுக்குத் தெரியாது. மாஸ்கோவும் விழித்துக்கொண்டது. 1983 டிசம்பரிலும் 1984 டிசம்பரிலும் பறந்த அடுத்த இரண்டு போர்-4 கலங்கள் வீட்டு வாசல் போன்ற கருங்கடலில் இறங்கின. அந்நியக் கேமரா அங்கே நெருங்க முடியாது. ஆனால் காட்டக் கூடாததைக் காட்டி முடித்தாயிற்று.

வர்ஜீனியாவில் உள்ள நாசாவின் லாங்லி ஆய்வு மையத்துக்கு அந்தப் படங்கள் வந்து சேர்ந்ததுதான் கதையின் திருப்பம். உளவாளி 'அது என்ன' என்று கேட்பார். பொறியாளர் 'அது எப்படிப் பறக்கிறது' என்று கேட்பார். படங்களை வைத்து வடிவத்தை வரைந்து, எடையையும் ஈர்ப்பு மையத்தையும் கணித்து, மாதிரி செதுக்கிக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தார்கள். மெதுவான வேகத்திலும், ஒலியின் வேகத்தைத் தாண்டும் இக்கட்டான கட்டத்திலும், அதிவேகத்திலும் கலம் தடுமாறாமல் நின்றது. அவர்களுக்கு அது புதிரான வடிவமும் இல்லை. எச்எல்-10 லாங்லியில் பிறந்த வடிவம். தங்கள் ஊரில் பரணேறிய யோசனையின் உறவுக்காரன் எதிரியின் கப்பலில் ஏறுவதைப் பார்த்தபோது அவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும்!

1986 ஜனவரியில் சேலஞ்சர் வெடித்தது. ஷட்டில் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் முடங்கியது. கட்டப்போகும் விண்வெளி நிலையத்தில் யாருக்காவது மாரடைப்பு வந்தால், எலும்பு முறிந்தால், ஷட்டில் இல்லாத நேரத்தில் எப்படிக் கீழே கொண்டுவருவது என்ற கேள்வி எழுந்தது. கூண்டில் திரும்புபவர் தன் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும், நோயாளிக்கு அது ஆகாது. லாங்லி தன்னிடமிருந்த வடிவத்தை எடுத்து நீட்டியது. எச்எல்-20 என்று பெயர் வைத்தார்கள். சறுக்கிக்கொண்டே வருவதால் உடம்பில் ஏறும் அழுத்தம் ஒன்றரை மடங்குக்குள் அடங்கிவிடும். நீளம் 8.8 மீட்டர், பத்துப் பேர் வரை உட்காரலாம்.

அதன் முழு அளவு மாதிரியைச் செய்தவர்கள் மாணவர்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகமும் லாங்லியோடு சேர்ந்து 1990-இல் அதைக் கட்டி முடித்தன. தன்னார்வலர்கள் விண்வெளி உடை அணிந்து அதற்குள் ஏறினார்கள். ராக்கெட் முனையில் இருப்பதுபோல் நிமிர்த்தி வைத்தும், ஓடுபாதையில் நிற்பதுபோல் கிடத்தி வைத்தும், எத்தனை நேரத்தில் வெளியேற முடிகிறது, யாருடைய முழங்கை எங்கே இடிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். ஒரு கலம் கணக்கிலிருந்து இறங்கி மனித உடம்புக்கு ஏற்றதாக மாறுவது இத்தகைய அலுப்பான வேலைகளில்தான். ஆனால் பணம் வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் எச்எல்-20 நின்றுபோனது. அதைப் பற்றிய ஆய்வறிக்கைகள் மட்டும் அச்சாகி எல்லாரும் படிக்கும்படி கிடந்தன.

படித்தவர்களில் ஒருவர் ஜிம் பென்சன். அவர் தொடங்கிய ஸ்பேஸ்டெவ் என்ற சிறு நிறுவனம், 2004-இல் விண்வெளி எல்லையைத் தொட்ட தனியார் கலமான ஸ்பேஸ்ஷிப்ஒன்னின் மோட்டாரில் பங்களித்திருந்தது. விண்விமானம் கட்டும் ஆசையில் ட்ரீம் சேஸர் என்று பெயரை முன்பே அறிவித்திருந்த அந்த நிறுவனம், 2005-இல் எச்எல்-20 வடிவத்துக்கு மாறியது. காற்றுச் சுரங்கத்தில் பல ஆண்டுகள் செலவழித்து வந்த முடிவுகள் ஆயத்தமாக இருக்கும்போது, புதிதாக ஒரு வடிவத்தைத் தேடுவானேன்? 2008 இறுதியில் ஸ்பேஸ்டெவை சியரா நெவாடா நிறுவனம் வாங்கியது. துருக்கியிலிருந்து படிக்க வந்து, தாங்கள் வேலை பார்த்த நிறுவனத்தையே 1994-இல் வாங்கிய எரென் ஒஸ்மென், ஃபாதிஹ் ஒஸ்மென் தம்பதி அதன் உரிமையாளர்கள்.

விண்வெளி நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் நாசாவின் போட்டியில் ட்ரீம் சேஸர் இறங்கியது. 2013 அக்டோபர் 26 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து முதல்முறை விடப்பட்டது. ஆளில்லாமல் தானே திசை பிடித்து, ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு நேராக வந்தது. பறப்பில் குறையில்லை. கடைசி நொடிகளில் இடப்பக்கச் சக்கரம் மட்டும் விரியவில்லை. தரை தொட்ட கலம் சாய்ந்து, மண்ணுக்குள் சறுக்கிப் போனது. அந்தச் சக்கர அமைப்பு ஓர் எஃப்-5 போர்விமானத்திடமிருந்து சோதனைக்கென எடுத்து மாட்டியது. மறு ஆண்டு செப்டம்பரில் நாசா தன் தேர்வை அறிவித்தது. போயிங்கும் ஸ்பேஸ்எக்ஸும் வென்றன, இரண்டும் கூண்டுகள். சியரா நெவாடா முறையிட்டது, 2015 ஜனவரியில் முறையீடு தள்ளுபடியானது.

அங்கேயே கதை முடிந்திருக்கலாம். காப்பாற்றியது சரக்கு. 2016 ஜனவரியில் விண்வெளி நிலையத்துக்குச் சரக்குக் கொண்டுபோகும் இரண்டாம் சுற்று ஒப்பந்தத்தில், குறைந்தது ஆறு பயணம் என்ற உறுதியோடு ட்ரீம் சேஸருக்கு இடம் கிடைத்தது. நிலையத்துக்குச் சரக்கு எடுத்துப்போகும் கலங்களில் ரஷ்யாவின் ப்ராக்ரஸ், அமெரிக்காவின் சிக்னஸ், அப்போது பறந்துகொண்டிருந்த ஜப்பானின் எச்டிவி எல்லாமே திரும்பி வரும்போது எரிந்துபோகிறவை. குப்பையை ஏற்றி விடுவதற்கு மட்டுமே உதவும். கணிசமான சரக்கைக் கீழே கொண்டுவர ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் ஒன்றுதான் இருந்தது, அதுவும் கடலில் விழும். நிலையத்தில் வளர்த்த புரதப் படிகம், உயிருள்ள திசு, எடையின்மையில் சில வாரம் இருந்த சுண்டெலி இவையெல்லாம் விஞ்ஞானியின் மேசைக்கு எவ்வளவு குலுங்காமல், எவ்வளவு சீக்கிரம் வருகின்றன என்பதில்தான் சோதனையின் மதிப்பே இருக்கிறது. நோயாளிக்காகக் கணக்கிட்ட அதே ஒன்றரை மடங்கு அழுத்தம் இப்போது திசுக்குடுவைக்குப் பயன்படப்போகிறது.

சரக்குக் கலமாக மாறும்போது ட்ரீம் சேஸர் கொஞ்சம் உருமாறியது. விமானி அறைச் சன்னல்கள் போயின. இறக்கைகளுக்குக் கீல் வந்தது. 5 மீட்டர் விட்டமுள்ள ராக்கெட் மூடிக்குள் அடங்குவதற்காக அவை மடிந்து போகும், சுற்றுப்பாதையில் விரியும். போர்-4 இறக்கையை மடக்கியது வெப்பத்துக்கு ஒதுங்க, இது மடக்குவது பெட்டிக்குள் அடங்க. மூடிக்குள் இருப்பதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. 2003-இல் கொலம்பியாவின் அழிவுக்குக் காரணம், பக்கத்தில் இருந்த எரிபொருள் தொட்டியின் நுரைத்துண்டு பெயர்ந்து இறக்கையில் மோதியது. ராக்கெட்டின் உச்சியில், மூடிக்குள் இருக்கும் கலத்தின் மீது விழ எதுவும் இல்லை.

பின்புறம் ஷூட்டிங் ஸ்டார் என்ற சரக்குப் பெட்டி ஒன்று சேர்ந்தது. இரண்டுமாக 5,500 கிலோ வரை மேலே கொண்டுபோகலாம். திரும்பும்போது பெட்டி குப்பையோடு கழன்று காற்றில் எரிந்துபோகும். விமானம் ஒன்றரை டன்னுக்கு மேல் சரக்கோடு ஓடுபாதைக்கு வரும். இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்தது. திரும்பி வரத் தகுதியானதற்கு மட்டும் இறக்கையும் ஓடும் கொடுத்து, மற்றதைப் போக விடுகிறது. ஷட்டில் ஒவ்வொரு முறையும் தன் முழு உடலையும், வெறுமையான சரக்கு அறை உட்பட, இறக்கிக் கொண்டுவந்தது. அந்தச் சுமையின் விலையைச் சென்ற இதழில் பார்த்தோம்.

எரிபொருளிலும் இதே யோசனை. ஷட்டில் இறங்கியதும் முதலில் அணுகியவர்கள் காற்றுப்புகா உடை அணிந்து, நச்சு வாயு கசிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சுற்றுப்பாதையில் அது பயன்படுத்திய ஹைட்ரசின் வகை எரிபொருள் அப்படிப்பட்டது. ட்ரீம் சேஸரின் சிறு எஞ்சின்கள் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் மண்ணெண்ணெய் வகையிலும் ஓடுபவை. கலம் நின்றதும் ஆட்கள் நெருங்கிக் கதவைத் திறக்கலாம் என்பதே திட்டம்.

2017 நவம்பர் 11 அன்று, முன்பு மண்ணில் சறுக்கிய அதே சோதனைக் கலத்தைச் சரிசெய்து மறுபடி விட்டார்கள். சினூக் ஹெலிகாப்டர் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் அதைக் கழற்றிவிட்டது. ஒரு நிமிடம் சறுக்கி, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எட்வர்ட்ஸின் கான்கிரீட்டைத் தொட்டு, 1.3 கிலோமீட்டர் தூரம் ஓடி நின்றது. இம்முறை எல்லாச் சக்கரமும் விரிந்தன.

சுற்றுப்பாதைக்கான முதல் கலத்துக்கு டெனாசிட்டி என்று பெயர். குறைந்தது 15 பயணங்களுக்கென வடிவமைத்தது. விண்வெளிப் பிரிவு 2021-இல் சியரா ஸ்பேஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2023 இறுதியில் கலம் கொலராடோவிலிருந்து ஒஹையோவுக்குச் சோதனைக்குப் போனது. 2024 மே மாதம் ஃப்ளோரிடாவின் கென்னடி மையத்துக்கு வந்தது. அதற்கென ஒதுக்கியிருந்த வல்கன் ராக்கெட் அவ்வாண்டு அக்டோபரில் ஒப்புக்கு ஓர் எடையைச் சுமந்து கிளம்பிப் போனது. கலம் தயாராகவில்லை.

2025 செப்டம்பரில் நாசா ஒப்பந்தத்தைத் திருத்தியது. ஆறு பயணம் என்ற உறுதி விலகியது. முதல் பயணம் விண்வெளி நிலையத்தோடு இணையாமல் தனித்துச் சுற்றித் திரும்பும் செயல்விளக்கமாக இருக்கும் என்றும், 2026 இறுதி வாக்கில் நடக்கும் என்றும் அறிவித்தார்கள். நிலையத்துக்கு மிச்சமிருக்கும் ஆயுளே 2030 வரைதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த முடிவில் எனக்கு வருத்தம் உண்டு. நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்த வாடிக்கையாளர் அவர்கள். டிராகனும் இதற்குள் சில ஆண்டுகள் ஃப்ளோரிடாக் கரையோரமாகவே இறங்கி, சரக்கைச் சில மணி நேரத்தில் கைக்குச் சேர்த்துக் காட்டியிருந்தது. ஓடுபாதையில் இறங்குவதன் மேன்மையை இனி கணக்கில் காட்டினால் போதாது, இறங்கிக் காட்ட வேண்டும். லோசினோ-லோசின்ஸ்கியின் ஆட்கள் வரைந்து, கொக்கோஸுக்குத் தெற்கே நனைந்து, லாங்லியில் மறுபிறவி எடுத்த இந்த வடிவம் சுற்றுப்பாதையிலிருந்து நேராக ஒரு ஓடுபாதைக்கு இன்னும் ஒருமுறைகூட வந்ததில்லை.

அமெரிக்க ராணுவத்தின் எக்ஸ்-37பி அதைச் செய்திருக்கிறது. 2010 ஏப்ரலில் முதன்முதலாக ஏறிய அது மாதக்கணக்கில், பின்னர் ஆண்டுக்கணக்கில் சுற்றிவிட்டு ஓடுபாதையில் வந்து நிற்கிறது. வடிவத்தில் வேறு குடும்பம், ஷட்டிலின் வழிவந்தது. என்ன சுமந்து போகிறது என்பதைத்தான் முழுதாகச் சொல்ல மறுக்கிறார்கள். அடுத்த இதழில் அதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கர்நாடகத்தின் சித்ரதுர்கா ஓடுபாதைக்கு வருவோம். 2023-இலும் 2024-இலும் இஸ்ரோவின் புஷ்பக் கலம் ஹெலிகாப்டரிலிருந்து கழன்று, தானே வழி திருத்திக்கொண்டு இறங்கியது அங்கேதான்.

(தொடரும்)